சித்திரைத் திருவிழாவுக்கு நாமே ஒரு வழிகாட்டி மேப் வரைவோம்: கூகுள் மை மேப்ஸ் முதல் பாடம்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் மதுரை வீட்டில் போன் ஓயாது. "தேர் பார்க்க எங்க நின்னா நல்லது?", "வண்டியை எங்க விடுறது?", "அம்மாவுக்கு ரொம்ப நடக்க முடியாது, பக்கத்துல உட்கார இடம் இருக்கா?" கோயில் எங்கே இருக்கிறது என்று கூகுள் மேப் காட்டிவிடும். எந்த வீதியில் காலையில் நிழல் விழும், கூட்டம் நெருக்கினால் எந்தச் சந்து வழியாக வெளியே வரலாம் என்பதெல்லாம் அதில் கிடையாது. அது உள்ளூர்க்காரர் மனதில் இருக்கிற மேப். அதை எடுத்து எல்லோரும் பார்க்கிற மாதிரி வரைந்து கொடுக்கத்தான் கூகுள் மை மேப்ஸ் இருக்கிறது. காசு கிடையாது, ஒரு ஜிமெயில் கணக்கு போதும். வரைவதற்கு மட்டும் கம்ப்யூட்டரில் உட்காருங்கள். போனில் விரலால் கோடு இழுப்பது பெரும் அவஸ்தை.

முதலில் ஒரு துண்டுத்தாள் எடுத்து, இந்த மேப் யாருக்கு, அவர்கள் என்ன கேட்பார்கள் என்று எழுதுங்கள். நான் எழுதியது மூன்றே வரி: தேர் எந்த வழியில் வரும், அழகர் எந்த வழியில் வருவார், எங்கே நிற்க, எங்கே உட்கார, எப்படி வெளியேற. இந்த மூன்றும்தான் என் மேப்பில் மூன்று லேயர், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிற தனித்தனி அடுக்குகள். இதைச் செய்யாமல் வரைய உட்கார்ந்தால் தெரிந்ததையெல்லாம் குத்தி வைப்போம். கடைசியில் அதில் எதையும் தேட முடியாது.

மேப்பைத் திறப்பது

பிரவுசரில் 'கூகுள் மை மேப்ஸ்' என்று தேடி உள்ளே போய் 'கிரியேட் எ நியூ மேப்' என்பதை அழுத்துங்கள். இடது பக்கம் ஒரு வெள்ளைப் பெட்டி வரும். 'அன்டைட்டில்டு மேப்' என்ற எழுத்தைத் தொட்டால் பெயர் வைக்கலாம். பெயரில் ஆண்டையும் சேருங்கள், காரணம் கடைசியில் சொல்கிறேன். அதற்குக் கீழே 'அன்டைட்டில்டு லேயர்' இருக்கும். அதற்குத் 'தேரோட்டம்' என்று பெயர் வையுங்கள். பிறகு 'ஆட் லேயர்' இரண்டு முறை அழுத்தி 'அழகர் வழி', 'நிற்க, உட்கார, வெளியேற' என்று இன்னும் இரண்டு. ஒரு மேப்பில் 10 லேயர் வரை போடலாம்.

புதிதாய்ப் பழகுகிறவர்கள் எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. எந்த லேயரை கடைசியாகத் தொட்டீர்களோ, அதன் இடது ஓரத்தில் ஒரு வண்ணக்கோடு தெரியும். நீங்கள் வரைவது அதற்குள்தான் போய் விழும். ஒவ்வொரு முறையும் வரையும் முன் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தப்பான லேயரில் விழுந்துவிட்டால் பட்டியலில் அதன் பெயரைப் பிடித்து இழுத்துச் சரியான லேயரில் விட்டால் போதும்.

தேடல் பெட்டிக்குக் கீழே சின்னச் சின்னப் படங்களாக ஒரு வரிசை இருக்கும்: பின்னோக்கிச் செல்ல ஒன்று, மீண்டும் செய்ய ஒன்று, கை, குறி, கோடு, வழி, அளவுகோல். நமக்கு வேண்டியது பெரும்பாலும் குறியும் கோடும்தான்.

கோடு: தேர் போகும் வழி

மதுரையை வரைந்து பழகுவது ஒரு வசதி. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக இருக்கும். மதிலுக்குள்ளே ஆடி வீதி, மதிலை ஒட்டிச் சித்திரை வீதி, அதற்கு அடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியில் பழைய கோட்டை இருந்த ஓரத்தில் வெளி வீதி. திருக்கல்யாணத்துக்கு மறுநாள் தேர் ஓடுவது மாசி வீதிகளில்.

கீழே 'பேஸ் மேப்' (பின்னணி மேப்) என்பதைத் திறந்து சாட்டிலைட் படத்துக்கு மாறுங்கள். கீழமாசி வீதியில் தேர் நிற்கும் இடமான தேரடியைக் கண்டுபிடித்து நன்றாகப் பெரிதாக்குங்கள். கோடு படத்தை அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும்: வெறும் கோடு அல்லது வடிவம், கார் வழி, சைக்கிள் வழி, நடை வழி. கார் வழியைத் தேர்ந்தால் கோடு தானாக ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போகும், வேலை மிச்சம் என்று தோன்றும். தேருக்கு அதைத் தொடாதீர்கள். அது ஒருவழிப் பாதையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டு போகும். தேருக்கு ஒருவழிப் பாதை ஏது? முதலில் இருக்கும் 'ஆட் லைன் ஆர் ஷேப்' என்பதையே எடுங்கள்.

தேரடியில் ஒரு கிளிக். தேர் வலமாக வரும் என்பதால் தெற்கே போய் தெற்குமாசி வீதி முக்கில் ஒரு கிளிக், பிறகு மேலமாசி, வடக்குமாசி. வீதிகள் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்காது, வளையும் இடத்திலெல்லாம் இடையில் ஒரு கிளிக் கூடுதலாகப் போடுங்கள். வரையும்போது படம் திரைக்கு வெளியே போய்விட்டால் மவுஸை அழுத்திப் பிடித்து இழுத்தால் படம் நகரும், கோடு அறுந்துபோகாது.

திரும்பவும் தேரடிக்கு வந்ததும் கவனம் வேண்டும். தொடங்கிய புள்ளியிலேயே கிளிக் செய்தால் கோடு மூடிக்கொண்டு வடிவமாகிவிடும். கோயிலும் சுற்றியுள்ள வீதிகளும் மொத்தமாக வண்ணம் பூசியதுபோல் மறைந்துபோகும். நான் முதல் முறை வரைந்தபோது இதுதான் நடந்தது, முழுவதையும் அழித்து மறுபடி வரைந்தேன். தொடக்கப் புள்ளிக்குச் சற்று முன்பாகவே இரண்டு முறை கிளிக் செய்து முடித்துவிடுங்கள்.

ஒரு புள்ளி வீதியை விட்டுத் தள்ளி விழுந்திருந்தால் கோட்டைத் தொடுங்கள், புள்ளிகள் தெரியும், பிடித்து நகர்த்தலாம். இரண்டு புள்ளிக்கு நடுவே மங்கலாகத் தெரிவதை இழுத்தால் புதுப் புள்ளி பிறக்கும். பெயர்ப் பெட்டியில் 'தேர் வழி' என்று எழுதிச் சேமியுங்கள். கோட்டின் மொத்த நீளமும் அதே பெட்டியில் தெரியும். அம்மாவை நான்கு மாசி வீதியும் சுற்ற வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

கோட்டில் அம்புக்குறி போடும் வசதி இதில் இல்லை. திசை தெரியவேண்டும் என்றால் நான்கு முக்கிலும் குறி போட்டு, லேயர் பெயருக்குக் கீழே உள்ள ஸ்டைல் பகுதியில் 'சீக்வென்ஸ் ஆஃப் நம்பர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். குறிகளில் 1, 2, 3, 4 என்று எண் விழும். வரிசை தப்பாக இருந்தால் பட்டியலில் மேலே கீழே நகர்த்துங்கள்.

அழகர் வழி: இரண்டு கருவியும் சேர்த்து

அழகர்கோவில் மதுரைக்கு வடக்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி, புதூர் என்று தல்லாகுளம் வரை அழகர் பெரும்பாலும் ஒரே நீண்ட ரோட்டில்தான் வருகிறார். இவ்வளவு நீளத்தைப் புள்ளி புள்ளியாக வரைய வேண்டாம். இங்கே கார் வழிக் கோடு கைகொடுக்கும். அழகர்கோவிலில் ஒரு கிளிக், தல்லாகுளம் பெருமாள் கோயிலில் இரண்டு கிளிக். எங்காவது புறவழியில் ஏறிவிட்டால் கோட்டைப் பிடித்துச் சரியான ரோட்டுக்கு இழுங்கள்.

தல்லாகுளத்திலிருந்து வைகைக்குள் இறங்கும் இடம் வரை மறுபடி வெறும் கோடு. ஆற்றுமணலுக்குள் கூகுளுக்குத் தெரிந்த ரோடு கிடையாது.

வழியில் உங்களுக்குத் தெரிந்த மண்டகப்படிகளுக்கு (அழகர் நின்று செல்லும் இடங்களுக்கு) குறி போடுங்கள். எல்லா மண்டகப்படியையும் போட முயலாதீர்கள், நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எதிர்சேவை (மதுரைக்கு வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்பது) பார்க்க நல்ல இடம், நீர்மோர் கிடைக்கும் இடம், பெண்கள் கழிப்பறை என்று உதவும் குறிகள் பத்துப் பன்னிரண்டு போதும். ஒவ்வொன்றின் விளக்கப் பெட்டியிலும் ஒரே ஒரு வரி: 'விடிகாலை 4 மணிக்கே இடம் பிடிக்கணும்'. கேமரா படத்தை அழுத்திப் போட்டோவும் சேர்க்கலாம். கடையின் முகப்பு ஒன்று போட்டோவில் இருந்தால் அடையாளம் காண்பது எளிது.

வடிவம்: இதில் அவசரப்படாதீர்கள்

2022 ஏப்ரலில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு மூன்றாவது லேயரைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். வயதானவர்களும் குழந்தைகளும் போகக்கூடாத நெருக்கமான இடங்களை ஒரு வடிவமாகவும், வெளியேறும் சந்துகளைத் தடித்த கோடாகவும் வரைந்திருக்கிறேன்.

வடிவம் வரைவதும் கோடு மாதிரிதான், முதல் புள்ளிக்கே வந்து மூட வேண்டும். மூடியதும் வண்ணப் பெட்டியைத் திறந்து, ஒளி ஊடுருவும் அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டையை நகர்த்திக் கீழே உள்ள வீதிப்பெயர் தெரியும்படி வையுங்கள். பழக்கத்துக்குக் கோயில் மதிலைச் சுற்றி ஒரு வடிவம் வரைந்து பாருங்கள். பரப்பளவு சதுர மீட்டரிலோ ஹெக்டேரிலோ வரும், 4,047 சதுர மீட்டர் ஒரு ஏக்கர். 14, 15 ஏக்கரை ஒட்டி வந்தால் உங்கள் கை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி உயரம், சாட்டிலைட் படத்தில் அது ஒரு பக்கம் சாய்ந்ததுபோல் தெரியலாம். புள்ளியைக் கோபுர உச்சியில் வைக்காமல் அடியில் வைக்கவும்.

வெளியேறும் சந்தை வரைந்தபின் ஒருமுறை நேரில் நடந்து பாருங்கள். படத்தில் வழி போலத் தெரியும் சந்து கடைசியில் ஒரு வீட்டுச் சுவரில் போய் முட்டும். போலீஸ் தடுப்புகளும் வண்டி நிறுத்தும் இடங்களும் ஆண்டுதோறும் மாறும், அறிவிப்பு வந்த பிறகே அவற்றைக் குறியுங்கள்.

எழுத்தும் வண்ணமும்

மேப் மேல் நேரடியாக எழுதும் கருவி இதில் கிடையாது. எழுத்து வேண்டிய இடத்தில் சின்னப் புள்ளிக் குறி ஒன்று வைத்து, அதன் பெயராக எழுத்தைக் கொடுத்து, ஸ்டைல் பகுதியில் 'செட் லேபிள்ஸ்' என்பதில் 'நேம்' (பெயர்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமான பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அதனால் இரண்டு மூன்று சொல்லில் நிறுத்துங்கள்.

வண்ணத்தில் நீலத்தைத் தவிர்ப்பேன், வைகையோடு கலந்துவிடும். சிவப்பும் வேண்டாம், கூகுள் மேப் பார்த்துப் பழகிய கண் அதை டிராபிக் ஜாம் என்று படிக்கும். தேருக்குக் கரும் ஊதா, அழகருக்கு ஆரஞ்சு, இரண்டும் தடிமனாக. வரைந்து முடித்ததும் பேஸ் மேப்பை 'மோனோ சிட்டி'க்கு மாற்றுங்கள். சாம்பல் நிறப் பின்னணியில் நம் கோடுகள் மட்டும் எடுத்துத் தெரியும்.

கொடுப்பது

'ஷேர்' அழுத்தி, லிங்க் வைத்திருப்பவர் பார்க்கலாம் என்பதை மட்டும் திறந்துவிடுங்கள். திருத்தும் உரிமையைக் குடும்ப வாட்சாப் குழுவுக்குக் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் யாரோ கை தவறி ஒரு குறியை இரண்டு தெரு தள்ளி நகர்த்திவிட, சித்தி அங்கே போய் அரைமணி நேரம் நின்றார். வீட்டு விலாசம் எதையும் மேப்பில் போட வேண்டாம், லிங்க் எங்கெங்கோ போகும்.

ஆற்றங்கரைக் கூட்டத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது. மேப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'பிரின்ட் மேப்' வழியாகப் பிடிஎஃப் எடுத்து, பெரியவர்கள் கையில் தாளாகக் கொடுங்கள். அச்சிடும் முன் எழுத்து படிக்கிற அளவு வரும்வரை மேப்பைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் மாசி வீதிக்கு ஒன்று, ஆற்றங்கரைக்கு ஒன்று என்று இரண்டு தாள்.

அடுத்த ஆண்டு மறுபடி வரையத் தேவையில்லை. அதே மூன்று புள்ளிக்குள் 'காப்பி மேப்' இருக்கிறது. புது நகலில் ஆண்டையும் நேரங்களையும் மாற்றுங்கள். பழைய மேப்பின் ஷேரை உடனே மூடிவிடுங்கள், இல்லையென்றால் போன வருஷத்து லிங்கைத் திறந்து போன வருஷத்து நேரத்துக்கு யாராவது போய் நிற்பார்கள்.