“யாருக்கும் பாதிப்பு இல்லை” என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள்

போன வாரம் மக்கள் தொடர்பு வேலைக்குப் புதிதாக வந்த ஆறு பேருக்கு ஒரு ஒத்திகை வைத்தேன். ஆலையில் தீ, இரவு 9 மணி, நிருபர் லைனில் காத்திருக்கிறார், அறிக்கை எழுதுங்கள் என்றேன். நான்கு பேர் முதல் வரியிலேயே “யாருக்கும் பாதிப்பு இல்லை” என்று எழுதினார்கள். நான் கொடுத்த குறிப்பில் அப்படி ஒரு தகவலே கிடையாது. நிருபரிடம் கோபப்படாதே, போனை அணைத்து வைக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இந்த ஒரு வரிதான்.

தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது

இதே வரியை நானும் ஒருமுறை எழுதினேன். உணவு பதப்படுத்தும் ஆலை ஒன்றில் அமோனியா கசிவு. ஷிப்ட் மேனேஜர் போனில், “எல்லாரும் வெளியே வந்துட்டாங்க சார், ஒண்ணும் இல்லை” என்றார். வெளியே வந்தது உண்மைதான். ஆனால் அதில் இரண்டு பெண்கள் மூச்சுத் திணறி ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனது அவருக்குத் தெரியாது, நானும் துருவிக் கேட்கவில்லை. மறுநாள் பேப்பரில் என் வரி மேற்கோள் குறிக்குள், பக்கத்திலேயே ஆக்சிஜன் மாஸ்க்கோடு அந்தப் பெண்களில் ஒருவரின் படம். அவருடைய அண்ணன் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஆலை வாசலுக்கு வந்து என்னிடம் கேட்டார்: “யாருக்கும் இல்லைன்னு போட்டிருக்கீங்களே, அப்ப என் தங்கச்சி யாரு?”

பெரிய நிறுவனங்களும் இதில்தான் வழுக்குகின்றன. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் பிபி என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனத்தின் கிணறு வெடித்தபோது, கசிவு ஒரு நாளைக்கு சுமார் 1,000 பீப்பாய் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். சில நாளில் அது 5,000 ஆனது. கடைசியில் அரசு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டபோது, தொடக்கத்தில் 62,000 பீப்பாய் வரை கொட்டியிருக்கிறது என்று தெரிந்தது. எண் ஏற ஏற, நிறுவனம் சொன்ன மற்றதையும் நம்ப ஆளில்லை. கசிவின் அளவு பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தவறான தகவல் தந்த குற்றத்தையும் சேர்த்து 2012-இல் பிபி ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

சரி, அவசரத்தில் தப்பாகச் சொல்லிவிட்டால்? 1982-இல் சிகாகோ பகுதியில் யாரோ சயனைடு கலந்த டைலெனால் என்ற வலி நிவாரணி கேப்சூலால் 7 பேர் இறந்தார்கள். எங்கள் ஆலையில் சயனைடே இல்லை என்று அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் முதலில் சொல்லிவிட்டது. பரிசோதனை வேலைக்காகக் கொஞ்சம் வைத்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது, அதையும் ஒப்புக்கொண்டார்கள். மூன்று கோடிக்கு மேற்பட்ட பாட்டில்களைத் திரும்பப் பெற்ற அந்தக் கதையை எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள், இந்தத் திருத்தத்தை ஏனோ யாரும் சொல்வதில்லை.

வக்கீல் எழுதியதை அப்படியே வெளியிடுவது

வேண்டாம்.

ஊழியர்கள் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்வது

முதலில் அவர்களுக்கு, பிறகுதான் மீடியாவுக்கு. பத்து நிமிடம் முன்னால் சொன்னால்கூடப் போதும்.

தன் கஷ்டத்தைப் பேசுவது

11 தொழிலாளர்கள் இறந்த அந்த விபத்தில், பிபியின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி டோனி ஹேவர்ட் கேமரா முன்னால் தன் வாழ்க்கை தனக்குத் திரும்ப வேண்டும் என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆனால் இன்றுவரை அவர் பெயரைச் சொன்னால் ஞாபகம் வருவது அந்த வாக்கியம்தான்.

அப்போ என்னதான் எழுதுவது?

நேரத்தைப் போட்டுத் தொடங்குங்கள். “இரவு 9.40 நிலவரப்படி ஆலையில் தீ எரிகிறது. தீயணைப்புப் படை உள்ளே இருக்கிறது. ஷிப்டில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறோம், எண்ணி முடியவில்லை. அடுத்த தகவல் 11 மணிக்கு.” இவ்வளவுதான். 11 என்று எழுதினால் 11 மணிக்கு அங்கே நில்லுங்கள். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லையென்றால், அதையே சொல்லிவிட்டு 1 மணிக்கு மறுபடி வருகிறோம் என்று சொல்லுங்கள்.