ஊஞ்சல் பைப் வளையுமா? கணக்கில் வழக்கமாக நேரும் தவறுகள்

இரண்டு சுவர்களுக்கு நடுவே 2 மீட்டர் இடைவெளி. குறுக்கே ஒரு பைப் போட்டு, நடுவில் கூடை ஊஞ்சல் மாட்ட வேண்டும். கடையில் "ஒன்றரை இஞ்ச் பைப்" என்று மட்டும் சொல்லி வாங்குவதுதான் முதல் தவறு.

தண்ணீருக்குப் போடும் ஜி.ஐ. பைப்பில் ஒன்றரை இஞ்ச் என்பது வெறும் பெயர். நீலப் பட்டை போட்ட மீடியம் ரகத்தின் வெளிவிட்டம் 48.3 மி.மீ., கனம் 3.2 மி.மீ. நாற்காலி செய்யும் பைப்பிலோ வெளிவிட்டமே ஒன்றரை இஞ்ச், அதாவது 38.1 மி.மீ.; கனம் 1.2 மி.மீ.தான் இருக்கும். வெர்னியர் அளவுகோல் வைத்து வெளிவிட்டம், கனம் இரண்டையும் அளந்த பிறகே கணக்குப் போடுங்கள்.

வெளிவிட்டத்தின் நான்காம் மடியிலிருந்து உள்விட்டத்தின் நான்காம் மடியைக் கழித்து, 0.098ஆல் பெருக்கி, வெளிவிட்டத்தால் வகுத்தால் செக்‌ஷன் மாடுலஸ் (வளைவை எதிர்க்கும் வலுவைக் காட்டும் எண்) கிடைக்கும். ஜி.ஐ. பைப்புக்கு அது சுமார் 4,800 கன மி.மீ.; நாற்காலி பைப்புக்கு சுமார் 1,240. ஒரே பெயர், வலுவில் நாலில் ஒரு பங்கு!

அடுத்தது இரும்பின் பலம். அறுந்துபோகும் அளவான 320 மெகாபாஸ்கலை எடுத்துக் கணக்குப் போடக் கூடாது. அதற்கு வெகு முன்பே, ஈல்ட் அளவில், பைப் வளைந்து நிமிராமல் நின்றுவிடும். தரம் தெரியாத பைப்புக்கு 210க்கு மேல் எடுக்க வேண்டாம். நடுவில் தொங்கும் சுமைக்கு, இந்தப் பலத்தையும் மாடுலஸையும் பெருக்கி, 4ஆல் பெருக்கி, மி.மீ.யில் உள்ள நீளத்தால் வகுக்க வேண்டும்: 4 × 210 × 4,800 ÷ 2,000 = 2,016 நியூட்டன், அதாவது சுமார் 205 கிலோ. நாற்காலி பைப் 53 கிலோவிலேயே வளையத் தொடங்கிவிடும்.

205 கிலோ தாங்கும் என்று உடனே ஆளை உட்கார வைத்துவிடாதீர்கள். அது வளையத் தொடங்கும் எல்லை, பாதுகாப்புக்காக 1.67ஆல் வகுத்தால் பாதுகாப்பான சுமை 123 கிலோ. அசையாமல் உட்கார்ந்திருந்தால் 70 கிலோ 70 கிலோதான். 60 டிகிரி வரை வீசி ஆடினால், கீழே வரும் கணத்தில் பைப்புக்கு அதுவே 140 கிலோவாகத் தெரியும். பெரியவர்கள் ஆடுவதாக இருந்தால் இரண்டு இஞ்ச் மீடியம் பைப் போடுங்கள்: வெளிவிட்டம் 60.3, கனம் 3.6. வலு ஏறக்குறைய 1.8 மடங்கு.

பரவலான சுமைக்கான அட்டவணையைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. நீளம் முழுக்கப் பரவிய சுமையானால் இரு மடங்கு தாங்கும். ஒற்றைக் கொக்கிக்கு அந்த எண் பொருந்தாது. சுவரில் பதித்த முனை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பியும் சுமையைக் கூட்டாதீர்கள். நாளடைவில் பூச்சு நொறுங்கி அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

கொக்கிக்காகப் பைப்பின் நடுவில் மேலும் கீழுமாகத் துளை போடுவது மிக மோசம், அழுத்தமும் இழுவையும் உச்சத்தில் இருப்பது அங்கேதான். துளையிடாமல் கிளாம்ப் போடுங்கள். மொட்டை மாடியில் கிடந்த பழைய பைப்பானால் துருவைச் சுரண்டிவிட்டு மறுபடி அளங்கள். வெளியே அரை மி.மீ. தின்றிருந்தாலே ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பின் வலுவில் 17 சதவீதம் போய்விடும்.