இங்கிலாந்தில் உதவிப் பயிற்சியாளராகத் தொடங்க நினைப்பவர்களுக்கு

வியாசர்பாடியில் ஆறு ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்துவிட்டு லண்டனுக்கு வந்தவன் நான். ஊரில் அணி முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. இங்கே முதல் மூன்று பருவங்கள் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் அணி ஒன்றில் உதவிப் பயிற்சியாளராக நின்றேன். அதே ஆசையோடு வருகிறவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பதால் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் உங்கள் விசா நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். மாணவர் விசாவிலும், படிப்பு முடிந்தபின் கிடைக்கும் பட்டதாரி விசாவிலும் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ வேலை செய்யத் தடை இருக்கிறது. திறன் பணியாளர் விசாவில் வந்தவரின் கணவனோ மனைவியோ வேறு எந்த வேலைக்கும் போகலாம், தொழில்முறை விளையாட்டும் விளையாட்டுப் பயிற்சியும் மட்டும் கூடாது. "சம்பளம் வாங்கவில்லையே, என்ன ஆகிவிடும்?" என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். அந்த விதி ஊதியம் பெறுவோரோடு நிற்பதில்லை, பெறாதவர்களையும் சேர்த்தே பேசுகிறது. பிழைப்பாகக் கருதாமல் சொந்த மகிழ்ச்சிக்காக மட்டும் ஈடுபடுபவரை அது வேறாகப் பார்க்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் வருகிறீர்கள் என்பதை நண்பர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகம் இருக்கும். அங்கே எழுத்தில் பதில் வாங்கிய பிறகு மைதானத்துக்குப் போங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காக இத்தனை செலவு செய்து வந்த படிப்பை இழக்க வேண்டாம்.

விசா தடுக்கவில்லை என்றால் அடுத்தது டிபிஎஸ் என்னும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு. தன்னார்வலர்களுக்கு அரசு இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. கிளப்பே விண்ணப்பத்தைத் தொடங்கிவைக்கும். கூடவே குழந்தைப் பாதுகாப்பு, முதலுதவி வகுப்புகளும் உண்டு. கால்பந்துச் சங்கத்தின் அறிமுகப் பயிற்சி வகுப்பை இணையத்திலேயே படித்து முடிக்கலாம். அதற்குப் பிறகுதான் யூஃபா (ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு) சி, பி, ஏ என்று பயிற்சியாளர் உரிமங்கள் ஏறிக்கொண்டே போகும். ஊரில் வாங்கிய ஆசிய உரிமம் இங்கே தானாகச் செல்லும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். சான்றிதழைக் கொண்டுவாருங்கள், சங்கத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

இனி வேலை. உதவிப் பயிற்சியாளர் எல்லோருக்கும் முன்பே மைதானத்தில் இருக்க வேண்டும். பந்துகளில் காற்று பார்ப்பது, கூம்புகளை வைப்பது, கோல் கம்பங்கள் சாயாதபடி நங்கூரமிடப்பட்டிருக்கின்றனவா என்று அசைத்துப் பார்ப்பது எல்லாம் உங்கள் கையில். ஜனவரியில் தரை உறைந்துவிட்டால் காலையில்தான் ஆட்டம் ரத்து என்று செய்தி வரும். பெற்றோர்களுக்கு அதைச் சொல்லும் வேலையும் பெரும்பாலும் உங்களுடையதுதான். கையுறையும் தடித்த காலுறையும் இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.

மொழியில் நான் தடுமாறினேன். இலக்கணம் தெரியும், ஆனால் மைதானத்தின் சொற்கள் தெரியாது. 'மேன் ஆன்' என்று கத்தினால் பின்னால் எதிரணிக்காரர் நெருங்குகிறார் என்று பொருள். 'டைம்' என்றால் அவசரம் இல்லை, பந்தை நிறுத்தி ஆடலாம். முதல் மாதம் நான் 'டைம்' என்பதை நேரம் முடிகிறது என்று எடுத்துக்கொண்டு சிறுவர்களை விரட்டிக்கொண்டிருந்தேன், பாவம் குழம்பிப்போனார்கள். எல்லைக்கோட்டருகே நின்று இச்சொற்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 'சார்' என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். ஏழு வயதுக் குழந்தையும் பெயர் சொல்லித்தான் அழைக்கும், அதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

நம் பழக்கங்களில் சிலவற்றை விட்டுவிட வேண்டியிருக்கிறது. பாசத்தில் காதைத் திருகுவது, தலையில் தட்டுவது கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குத் தனியாகக் குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோரையும் சேர்த்தே அனுப்புங்கள். தனியாகக் காரில் ஏற்றிச் செல்லாதீர்கள். கடலை மிட்டாய் கொண்டுபோய்ப் பகிராதீர்கள். கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து.

உதவியாளர் இடம் சிறுமை என்று மனம் சொல்லும்போது ரெனே மியூலென்ஸ்டீனை நினைத்துக்கொள்வேன். நெதர்லாந்துக்காரரான அவர் 1990களில் கத்தாரில் வேலை பார்த்தார். 2001இல் மான்செஸ்டர் யுனைடெட் இளையோர் பிரிவுக்கு வந்து, பிறகு அந்தக் கிளப்பின் மேலாளர் ஃபெர்குசனின் கீழ் முதல் அணிப் பயிற்சியாளராக 2013 வரை இருந்தார். 2017இல் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அதன்பின்னும் அவர் ஆஸ்திரேலியாவின் உதவிப் பயிற்சியாளராக 2022 உலகக் கோப்பையில் நின்றார். தலைமையைப் பார்த்த மனிதர் திரும்பி அந்த இடத்துக்கு வருகிறார் என்றால் அது தனித் தொழில் என்றுதானே பொருள்! பயிற்சியை நடத்துபவரின் கண்ணுக்குத் தப்பும் ஒரு சிறுவனைக் கவனித்து, இடைவேளையில் அவரிடம் இரண்டே வாக்கியத்தில் சொல்ல உதவியாளருக்குத் தெரிய வேண்டும். அதற்கு மேல் பேசினால் அவர் காது கொடுக்க மாட்டார்.

பணத்தைப் பற்றி: சிறுவர் கிளப்புகளில் பெரும்பாலும் ஊதியம் இல்லை. பள்ளி விடுமுறை முகாம்கள், பள்ளிக்குப் பிந்தைய வகுப்புகள், பெரிய கிளப்புகளின் அகாடமிகளில் பகுதி நேர வேலை ஆகியவற்றில்தான் மணிக்கு இவ்வளவு என்று ஊதியம் தருகிறார்கள். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வாடகை கட்ட வேறு வேலை வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் தேடச் சரியான காலம் மே, ஜூன் மாதங்கள். பருவம் முடிந்து, அடுத்த ஆண்டு யார் எந்த வயது அணியைப் பார்ப்பது என்று கிளப்புகள் பேசிக்கொண்டிருக்கும் நேரம் அது. சான்றிதழ்களின் நகல்களை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு நேரில் போங்கள். எந்த வயதுப் பிள்ளைகள் என்றாலும் சரி, எந்தக் கிழமை மாலை என்றாலும் வர முடியும் என்று சொல்லுங்கள்.