டேட்டா சென்டருக்குப் போகும் சலுகைப் பணத்தை ஊரார் கேள்வி கேட்பது எப்படி

பெரிய டேட்டா சென்டர் (இணையத் தகவல்களைச் சேமித்துக் கையாளும் கணினிகளின் கூடம்) வரப்போகிறது என்றால் முதல் கூட்டத்திலேயே தண்ணீர், இரைச்சல், டீசல் ஜெனரேட்டர், நிலம் என்று எல்லாம் சேர்ந்து கிளம்பும். எல்லாமே நியாயமான கவலைகள்தான். ஆனால் அரசு தரும் சலுகையை எதிர்ப்பது தனி வேலை. அதற்குத் தனி மனு, தனிக் கோப்பு வேண்டும். 'திட்டமே வேண்டாம்' என்ற மனு பதிவு எண்ணோடு நின்றுவிடும். 'இத்தனை கோடி எந்த அரசாணைப்படி, எத்தனை நிரந்தர வேலைக்கு?' என்று கேட்டால் யாராவது கோப்பைத் திறந்தாக வேண்டும்.

முதலில் தொகையைக் கண்டுபிடியுங்கள்

தமிழ்நாடு 2021இல் தரவு மைய (டேட்டா சென்டர்) கொள்கையை வெளியிட்டது. பெரிய முதலீடுகள் அதோடு நிற்பதில்லை. அந்த நிறுவனத்துக்கென்றே சலுகைத் தொகுப்பு பேசி முடித்து, தொழில் துறை தனி அரசாணை போடும். செய்தித்தாளில் வரும் புரிந்துணர்வு ஒப்பந்தம் வெறும் அறிவிப்பு. பணம் போவது அரசாணை வழியாக.

அதில் பார்க்க வேண்டியவை: மூலதன மானியம், மாநில ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவது, மின்சார வரி விலக்கு, முத்திரைத்தாள் கட்டணச் சலுகை, நிலத்தின் குத்தகை விலை. துணைமின் நிலையத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் சாலைக்கும் அரசு செலவழித்தால், அது பெரும்பாலும் சலுகைக் கணக்கில் காட்டப்படாது. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மின்சார வரியை நீங்களே கணக்குப் போடலாம். 100 மெகாவாட் இணைப்பு, சராசரி 70 சதவீதச் சுமை என்றால் ஆண்டுக்குச் சுமார் 61 கோடி யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தால், 5 சதவீத வரி 35 காசு. விலக்கு கொடுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 21 கோடி ரூபாய். கட்டணத்திலேயே ஒரு ரூபாய் குறைத்தால் 61 கோடி. மனுவில் விடையை மட்டும் எழுதாமல் கணக்கின் ஒவ்வொரு படியையும் எழுதுங்கள். பெருக்கலில் ஒரு பிழை இருந்தாலும் மனு முழுவதையும் அதைச் சொல்லியே ஒதுக்கிவிடுவார்கள்.

வேலைக் கணக்கு

'நேரடி, மறைமுக' என்று ஒன்றாகக் கட்டிய எண்ணை ஏற்காதீர்கள். விசாகப்பட்டினத்தில் 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட கூகுள் திட்டத்துக்குச் சுமார் 22,000 கோடி ரூபாய் சலுகை என்று செய்தி வந்தது. ஆந்திர அரசு தரப்பில் சொல்லப்பட்ட 1.8 லட்சத்துக்கு மேற்பட்ட வேலைகளில் மறைமுக வேலைகளும் அடக்கம். டேட்டா சென்டர்கள் குவிந்திருக்கும் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், சட்டமன்றத்தின் தணிக்கைக் குழு 2024 டிசம்பரில் தந்த அறிக்கை வேறு படத்தைக் காட்டுகிறது. 2.5 லட்சம் சதுர அடிக் கட்டடத்தைக் கட்டும்போது உச்சத்தில் சுமார் 1,500 பேர், கட்டி முடித்த பிறகு சுமார் 50 பேர். எனவே கட்டுமான வேலை, நிரந்தர வேலை, ஒப்பந்த வேலை மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மொத்தச் சலுகையை நிரந்தர வேலைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். எந்த மேடையிலும் சொல்ல வேண்டிய எண் அதுதான்.

தகவல் உரிமை மனு

இதில்தான் அதிகம் சறுக்கும். 'ஏன் சலுகை கொடுத்தீர்கள்?' என்று கேட்டால் 'விளக்கம் தர வேண்டியதில்லை' என்று பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: 'இன்ன நிறுவனத்துக்கான சலுகைத் தொகுப்பு அரசாணையின் நகல்; அதற்கு முந்தைய நிதித்துறைக் குறிப்பு; இதுவரை விடுவித்த தொகை, தேதிவாரியாக; வேலைவாய்ப்பு நிபந்தனை நிறைவேறியதற்கான சான்றின் நகல்.' கட்டணம் 10 ரூபாய். தொழில் துறைக்கு ஒன்று, அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டுக்கு ஒன்று, மின் பகிர்மானக் கழகத்துக்கு ஒன்று என்று பிரித்து, வேறு வேறு ஆட்களின் பெயரில் போடுங்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். பெரும்பாலும் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(டி)யைக் காட்டி 'வணிக ரகசியம்' என்று மறுப்பார்கள். 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதில் மூன்று வாதங்களை வையுங்கள். ஒன்று, அதே பிரிவிலேயே பொதுநலன் பெரிதென்றால் வெளியிடலாம் என்று இருக்கிறது. இரண்டு, பிரிவு 10 படி ரகசியப் பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம். மூன்று, கருவூலப் பணத்தின் அளவு நிறுவனத்தின் ரகசியம் ஆகாது. அமைச்சரவைக் கோப்பு என்று சொல்லி மறுத்தால் 8(1)(ஐ)யைக் காட்டுங்கள். முடிவெடுத்து விஷயம் முடிந்த பிறகு அதன் காரணங்களையும் ஆதாரங்களையும் வெளியிட வேண்டும் என்கிறது அது. அடுத்த கட்டமான இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம்.

வராத கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம்

பலரும் சுற்றுச்சூழல் அனுமதிக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தை நம்பி மாதங்களை இழக்கிறார்கள். டேட்டா சென்டர் கட்டுமானத் திட்டமாக, 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின் 8(ஏ) அல்லது 8(பி) பிரிவில் விண்ணப்பித்தால் மக்கள் கருத்துக்கேட்பே கிடையாது. சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் பதிவாகும் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள். அனுமதி வந்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள்தான். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தரலாம்.

மின்கட்டணத்துக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 64 படி கட்டண மனு மீது யார் வேண்டுமானாலும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஆட்சேபம் எழுதலாம். பிரிவு 65 நமக்கு மிகவும் வலுவானது. அரசு ஒரு வகை நுகர்வோருக்குக் கட்டண மானியம் தருவதானால் அந்தப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டியதற்கான ஆதாரத்தைக் கேளுங்கள். கட்டாவிட்டால் அந்தச் சுமை மற்ற நுகர்வோர் தலையில்தான் விழும்.

கிராம சபைத் தீர்மானம் சலுகையைத் தானாக நிறுத்தாது. ஆனாலும் நிறைவேற்றுங்கள், நீதிமன்றத்தில் அது ஆவணம். தீர்மானத்தில் ஒரே கோரிக்கை: அரசாணையை வெளியிடும் வரை சலுகை விடுவிக்கக் கூடாது.

காலம் முக்கியம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீமா கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) 2025 ஜூனில் 290 ஏக்கரை டேட்டா சென்டருக்கு விற்க ஒப்புதல் தந்தபோது, யாருக்காக என்பதே மக்களுக்குத் தெரியாது. டூசான் நகர மக்கள் திரண்ட பிறகு, ஆகஸ்ட் 6 அன்று நகர மன்றம் அந்த நிலத்தை நகர எல்லையில் சேர்க்க ஒருமனதாக மறுத்தது. நில விற்பனை மட்டும் அதற்கு முன்பே முடிவாகியிருந்தது.

அரசாணை ஏற்கெனவே வந்துவிட்டால் கோரிக்கையை மாற்றுங்கள்: சலுகைக்கு உச்சவரம்பு, முடிவுத் தேதி, வேலை எண்ணிக்கை குறைந்தால் வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறும் விதி. ஒவ்வொரு ஏப்ரலிலும் முந்தைய நிதியாண்டில் விடுவித்த தொகையைக் கேட்டு மீண்டும் மனு போடுங்கள். கிடைத்த தாள்களின் நகலை மாநிலக் கணக்காயர் தணிக்கை அலுவலகத்துக்கும் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.