நாயோடு மலை நடை: கயிறு தொடர்பான தவறுகளும் வேறு சிலவும்

சனிக்கிழமை காலை இங்கிலாந்தின் ஈடேல் ரயில் நிலையத்தில் இறங்கினால் பலர் கையில் நாய்க்கயிறு இருக்கும். மான்செஸ்டரிலிருந்தும் ஷெஃபீல்டிலிருந்தும் கிண்டர் ஸ்கவுட் மலை ஏற வருகிறவர்கள். தண்ணீர் எடுங்கள், மழைக்கோட்டு எடுங்கள் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற, உயிருக்கே உலை வைக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

"என் நாய் ஒன்றும் செய்யாது"

இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். ஏப்ரல் தொடக்கத்தில் ஒருநாள், அப்பர் பூத் என்ற சிற்றூரைத் தாண்டிப் போகும் பாதையில் ஒருவர் கேட்டைக் கடந்ததும் தன் ஸ்பானியல் நாயின் கயிற்றுக் கொக்கியைக் கழற்றிவிட்டார். ரொம்ப சாது, கூப்பிட்டால் வந்துவிடும் என்றார். அது நேராக ஆட்டுக்கூட்டத்துக்குள் பாய்ந்தது. விசில் அடித்தார், கத்தினார், நாய் காதிலேயே வாங்கவில்லை. சினை ஆடுகள் கற்சுவரின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து, வாய் பிளந்து மூச்சு வாங்கின. கடைசியில் நாய் வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தது. "பாருங்கள், கடிக்கவே இல்லை" என்றார் அவர்.

கடிக்காவிட்டால் என்ன? மிரண்டு ஓடிய சினை ஆடு பிறகு குட்டியை இழக்கலாம். அப்போது நாய்க்காரர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார், நஷ்டம் விவசாயியின் தலையில். 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி, துரத்த வேண்டும் என்றுகூட இல்லை. செம்மறி ஆடுகள் நிற்கும் வயலில் நாய் கட்டுப்பாடின்றித் திரிந்தாலே குற்றம். ஆடுகளைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்ற நிலையில் விவசாயி நாயைச் சுட்டாலும், 48 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவித்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பக்கம் நிற்கும். அந்த ஸ்பானியலுக்கு அன்று ஆயுசு கெட்டி.

ஆடு கண்ணில் படுவதற்கு முன்பே கயிற்றை மாட்டுங்கள். பொதுமக்கள் நடக்க அனுமதியுள்ள திறந்த மலைவெளியில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மேற்படாத கயிறு கட்டாயம். தரையில் கூடு கட்டும் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம் அது. இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு இதற்கு உதவாது. கால்நடைகளுக்கு அருகே இந்த விதி வருடம் முழுக்க உண்டு.

மாடு பாய்ந்து வரும்போது கயிற்றை இறுக்குவது

இங்கே விஷயம் தலைகீழ். கன்றோடு நிற்கும் மாடு குறிவைப்பது நாயைத்தான். கயிற்றை விட்டால் நாய் ஓடித் தப்பிக்கும். இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றால் மாட்டின் காலில் மிதிபடுவது நீங்கள். நாயை விட்டு மனிதரை மட்டும் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வதாகச் சிலர் வருத்தப்படுவார்கள். அப்படி இல்லை, இருவரும் பிழைக்க அதுதான் வழி. அதனால் கயிற்றை மணிக்கட்டில் சுற்றாதீர்கள், மாட்டு வயலுக்குள் இடுப்புப் பெல்ட்டில் கொக்கி போட்டும் போகாதீர்கள். மாடு துரத்தாதவரை கயிறு கையில் இருக்கட்டும். கூட்டத்துக்கும் கன்றுகளுக்கும் நடுவே புகாமல் விலகிச் சுற்றிப் போங்கள்.

எச்சப் பை

நாய் எச்சத்தை அள்ளிய பையை மரக்கிளையில் தொங்கவிடாதீர்கள்.

எச்சத்தை அள்ளாமல் அப்படியே விட்டுவிட்டு வருவதும் கூடாது. நாய் எச்சம் வழியாகப் பரவும் நியோஸ்போரா ஒட்டுண்ணி பசுவின் கருவைக் கலைக்கும்.

ஏரித் தண்ணீர்

கோடையில் பச்சைப் படலம் மிதந்தால் குடிக்கவும் விடாதீர்கள், நீந்தவும் விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசி நாயைக் கொல்லும். ரோமத்தில் ஒட்டியதை நக்கினாலும் ஆபத்துதான்.

உண்ணி

பெரணிப் புதருக்குள் புகுந்து வந்த நாயை அன்று இரவே தடவிப் பாருங்கள்: காது, விரலிடுக்கு, தொடை இடுக்கு. எண்ணெயோ தீக்குச்சியோ வேண்டாம். உண்ணி எடுக்கும் பிளாஸ்டிக் கொக்கியைத் தோலை ஒட்டி நுழைத்து, முறுக்கி எடுங்கள். அப்புறம் உங்கள் முழங்காலுக்குப் பின்புறத்தையும் பார்த்துவிடுங்கள்.