அப்பாவின் இடது கை: தடையாக இருந்தது ஒரு கயிறு

பக்கவாதம் வந்து நாலு மாதமாகியும் அப்பாவின் இடது கை விரல்கள் மடங்கியே இருந்தன. ரப்பர் பந்தை அமுக்க வைத்தோம். பிடி இன்னும் இறுகியதுதான் மிச்சம். செல்லூர் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் மின்தூண்டல் (லேசான மின்சாரத்தால் தசையை அசைய வைப்பது), கண்ணாடிப் பயிற்சி (முடங்கிய கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி அசைப்பது) இரண்டையும் தனித்தனியே கொடுத்தார். அசைவில்லை.

ஒருநாள் அப்பா, "கண்ணாடியில தெரியிறது என் இடது கை இல்லப்பா, அதுல கயிறு இருக்கே" என்றார். வலது மணிக்கட்டில் அழகர்கோவில் கயிறு. நல்ல கையின் பிம்பத்தை முடங்கிய கையாக மூளை நம்பினால்தானே இந்தப் பயிற்சி பலிக்கும்? கயிறு, மோதிரம் இரண்டையும் கழற்றினோம்.

அப்புறம் பிசியோ இரண்டையும் சேர்த்தார்: முன்கையின் புறப்பக்கம் மின்தூண்டல் வரும் அதே நொடியில், கண்ணாடியைப் பார்த்தபடி இரு கைகளையும் விரிக்க வேண்டும். அது முடிந்ததும், டம்ளரைப் பிடித்து, பிறகு பிடியை விடும் பயிற்சி. மூன்றாவது வாரம் கட்டைவிரல் விலகியது. நேற்று எவர்சில்வர் டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு, விரல்களை அவரே விரித்தார்.