ஆபீஸ் பார்ட்டியை வேலை நேரத்திலேயே வையுங்கள்

பார்ட்டிக்கு ஆள் சேராததற்குப் பெரும்பாலும் நேரம்தான் காரணம். இரவு 7 மணி என்றால் கைக்குழந்தை உள்ளவர்களும் தூரத்திலிருந்து வருபவர்களும் நழுவிவிடுவார்கள். மதியம் 3 முதல் 5 வரை, வேலை நேரத்துக்குள்ளேயே முடியுங்கள். 3 வாரம் முன்பே தேதியைச் சொல்லி, வருகிறீர்களா, சாப்பாட்டில் எது ஆகாது என்று இரண்டே கேள்வி கேளுங்கள். சைவத்துக்கும் ஒவ்வாமை உள்ளவர்களின் உணவுக்கும் தனிக் கரண்டி, பெயர்ச்சீட்டு கட்டாயம். ஒரே கரண்டி எல்லாப் பாத்திரத்திலும் புழங்கினால் தனியாகச் சமைத்ததே வீண்.

மேலாளர் பேச்சு 5 நிமிடம், சாப்பாட்டுக்கு முன். தட்டு கைக்கு வந்தபின் யார் கேட்பார்கள்? விளையாட்டுக்கு வெவ்வேறு பிரிவினரைக் கலந்து 5 பேர் குழுக்களாகப் பிரியுங்கள். கூச்சப்படுபவரை மேடைக்கு இழுக்காதீர்கள்; அடுத்த முறை லீவு போட்டுவிடுவார்.